பொலிகுதிரையோடு நடந்தவர்

அக்டோபர் 20 தாண்டிவிட்டால் கிறிஸ்துமஸ் வரை எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நியூசிலாந்தின் தென்கோடியில், சவுத்லாந்தில், பால்பண்ணை பால்பண்ணையாகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் வேலை. இங்கே எல்லா மாடுகளும் ஒரே சமயத்தில் கன்று போட வேண்டும்; வசந்தத்துப் புல் எழும்பும்போது மடி நிறைய வேண்டும். அதனால் சினைக்கு விடும் காலமும் எல்லாப் பண்ணைக்கும் ஒன்றுதான். விடியற்காலைக் கறவை முடிவதற்குள் முதல் பண்ணையில் நிற்பேன். வண்டியின் பின்னால் திரவ நைட்ரஜன் குடுவை. அதற்குள் -196 டிகிரிக் குளிரில் நூற்றுக்கணக்கான உறைவிந்துக் குச்சிகள். ஒவ்வொரு குச்சியிலும் நான் நேரில் பார்த்திராத ஒரு காளை.

ஈடன்டேல், விண்டம், மட்டாரா, கோர் என்று என் சுற்று போகும். ஒருநாள் மழையில் ஒரு பண்ணையில் வேலை தாமதமானது. பண்ணைக்காரரின் அப்பா, எண்பதைத் தாண்டியவர், என்னை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தார். அதில் அவருடைய தாத்தா காலத்து அட்டைகள். கையகல அளவில், நடுவில் மடித்து, அச்சு மங்கிப்போய். ஒவ்வொன்றிலும் ஒரு குதிரையின் படம். கழுத்து வளைந்து, கால் நான்கும் வெள்ளையாய், கணுக்காலிலிருந்து குளம்பை மூடும்படி முடி தொங்க நிற்கும் கிளைட்ஸ்டேல் குதிரை. உள்ளே அதன் தகப்பன், பாட்டன், பூட்டன் பெயர்கள். பின்பக்கம் திங்கள் முதல் சனி வரை எந்தெந்த ஊர் வழியாக வரும் என்ற பட்டியல், கூலி, நிபந்தனைகள்.

பெரியவர் பின்பக்கத்தை என் பக்கம் திருப்பி, "உனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் இவர்தான்" என்றார். குதிரையைச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் சொன்னது அந்தக் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக நடந்த ஆளை. அட்டையில் இருந்த ஊர்கள் நான் அன்று காலை கடந்து வந்த ஊர்கள். மாதங்களும் அதே மாதங்கள். அன்றிலிருந்து கிடைக்கும் நேரத்தில் எல்லாம் இந்த வட்டாரத்துப் பழைய செய்தித்தாள்களைப் படிக்கிறேன். 1880களிலிருந்து முதல் உலகப்போர் வரைக்கும், செப்டம்பர் பிறந்தால் போதும், பத்தி பத்தியாகப் பொலிகுதிரை விளம்பரங்கள்தான். பொலிகுதிரை என்றால் பெட்டைகளைச் சினையாக்க வைத்திருக்கும் ஆண்குதிரை.

எனக்கு இது முழுக்கப் புதிய உலகமும் இல்லை. என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஊர் காங்கேயம் பக்கம். பழையகோட்டைப் பட்டக்காரர் தொழுவத்தில் காங்கேயம் மாட்டின் வம்சம் எப்படிக் காக்கப்பட்டது என்பதை அப்புச்சி கதை கதையாகச் சொல்வார். மாடு பருவத்துக்குக் கத்த ஆரம்பித்தால், "காளைக்கு உட்டுட்டு வா" என்று மாமாவை அனுப்புவார். மாமா மாட்டை ஓட்டிக்கொண்டு போவார். காளை இருக்கும் இடத்தில் இருக்கும்; மாடுதான் போக வேண்டும். அதனால்தான் அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்குள் எழுந்த முதல் கேள்வி, இங்கே ஏன் தலைகீழாக நடந்தது என்பது. ஏழெட்டு நூறு கிலோ எடையுள்ள, விலைமதிப்பான, அடக்கக் கடினமான ஓர் ஆண்குதிரையை ஏன் வாரம் முழுவதும் சேற்று ரோட்டில் நடத்த வேண்டும்?

பதில் ஏரில் இருக்கிறது. குதிரைக்குப் பருவம் வருவது வசந்தத்தில். இங்கே வசந்தம் என்றால் செப்டம்பர், அக்டோபர், நவம்பர். ஓட்ஸ் விதைப்பதும், டர்னிப்புக்கு நிலம் கிளறுவதும் அதே மாதங்கள். பெட்டைக்குதிரைகளும்தான் ஏர் இழுக்கின்றன. ஒரு பெட்டையை இருபது மைல் நடத்திக் கூட்டிப்போய், காத்திருந்து, திரும்பக் கொண்டு வந்தால் உழவுக்குக் குதிரை இல்லை. போதாக்குறைக்கு அதன் காலடியில் பத்து நாள் குட்டியும் நிற்கும். ஆகவே நூறு பெட்டைகளை நடக்க வைப்பதைவிட ஒரு பொலிகுதிரையை நடக்க வைப்பது மலிவு. வீட்டிலேயே நிறுத்தப்பட்ட பொலிகுதிரைகளும் உண்டு. பெரிய எஸ்டேட்டுகளில் அப்படித்தான். பெட்டைகளை அங்கே அனுப்பி, மேய்ச்சலுக்குத் தனியாகப் பணம் கட்டி விட்டுவைப்பார்கள். ஆனால் நூறு, நூற்றைம்பது ஏக்கர் வைத்திருந்த சின்ன விவசாயிக்கு வாசலுக்கு வரும் குதிரைதான் கதி.

ஒற்றைச் சால் கலப்பையில் இரண்டு குதிரை பூட்டி ஒரு நாளில் ஒரு ஏக்கர் உழுவது கணக்கு. ஒன்பது அங்குல அகலச் சால் என்றால், ஒரு ஏக்கர் முடிக்க உழவரும் குதிரைகளும் 11 மைல் நடந்திருப்பார்கள். பின்னர் இரட்டைச் சால் கலப்பைகள் வந்தன. பக்கத்து வட்டாரமான ஒடாகோவின் ரீட் அண்ட் கிரே நிறுவனம் செய்த கலப்பைகள் இந்தப் பக்கம் முழுவதும் ஓடின. அவற்றுக்கு மூன்று, நான்கு குதிரைகள் வேண்டும். கன்னி நிலத்தை உடைக்க இன்னும் கூட. நிலம் பெருகப் பெருகக் குதிரையின் எடையும் பெருக வேண்டியிருந்தது. குதிரைக்குத் தீனி ஓட்ஸ். ஓட்ஸ் விளைவிக்கக் குதிரை. கோர் ஊரில் ஃபிளெமிங் ஓட்ஸ் ஆலையைக் கடக்கும்போதெல்லாம் இந்த வட்டம் எனக்கு நினைவுக்கு வரும்.

அந்த நிலம் யாருடையது என்பதைச் சொல்லாமல் குதிரைகளை மட்டும் பாட என்னால் முடியாது. ஒடாகோ நிலத்தை 1844இல் காய் தாகு என்ற மாவோரி மக்களிடமிருந்து 2,400 பவுண்டுக்கு வாங்கினார்கள். நான் வேலை செய்யும் இந்தத் தெற்கு, அவர்கள் மொழியில் முரிஹிகு, 1853இல் 2,600 பவுண்டுக்குக் கைமாறியது. சுமார் 70 லட்சம் ஏக்கர். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் தருவதாகச் சொன்ன வாக்குகள் காப்பாற்றப்படவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கொடுத்தது 1998இல்தான். அட்டைகளில் வரும் 'சவுத்லாந்தின் பொன்விளையும் சமவெளி' அதற்கு முன்னால் புல்லும் சணல்புதரும் சதுப்பும் விலாங்கு மீனுமாக இன்னொருவருடைய வாழ்விடமாக இருந்தது. அதைக் கிழித்துப் புரட்டிய பலம் இந்தக் குதிரைகளின் தோள்பலம். குதிரைமேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த இரண்டு தொகைகளும் அட்டைகளைப் புரட்டும்போதெல்லாம் கண்முன் நிற்கின்றன; பின்னாளில் நல்ல பொலிகுதிரை ஒன்றே அவற்றைவிடக் கூடுதலாக விலைபோனது.

1848இல் ஒடாகோவின் டனீடின் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஊருக்கு வைத்த பெயரே எடின்பரோவின் கேலிக் வடிவம். அவர்கள் கேட்டது கிளைட் நதிப் பள்ளத்தாக்கின் குதிரையை. லானர்க்ஷயர் வட்டாரத்தில், 18ஆம் நூற்றாண்டின் நடுவில், ஹாமில்டன் பிரபு தருவித்த ஃபிளெமிஷ் ஆண்குதிரைகளும் உள்ளூர்ப் பெட்டைகளும் சேர்ந்து உருவான இனம் அது. நிலக்கரியும் உழவும் சேர்ந்து அந்தக் குதிரையை வளர்த்தன. மூன்று மாதக் கப்பல் பயணம். மேல்தளத்திலோ நடுத்தளத்திலோ குறுகிய பெட்டி அடைப்பு. குதிரை படுக்க முடியாது. கடல் கொந்தளித்தால் வயிற்றுக்கடியில் அகலப் பட்டை கட்டித் தாங்கிப் பிடிப்பார்கள். மூன்று மாதம் நின்றபடியே வந்து, கால் வீங்கி, கரையில் முதல் அடி வைக்கத் தடுமாறிய குதிரைகள். பாதி வழியில் கடலில் போடப்பட்டவையும் பல. வந்து சேர்ந்த ஒரு குதிரையின் விலை அதனால்தான் நூற்றுக்கணக்கான பவுண்டு. சின்ன விவசாயி வாங்கவே முடியாது.

வாங்க முடியாதவரும் நல்ல ரத்தத்தை எப்படிப் பெறுவது? அதற்கான வழியையும் அவர்கள் ஊரிலிருந்தே கொண்டு வந்தார்கள். ஸ்காட்லாந்தில் வட்டாரச் சங்கங்கள் கண்காட்சி வைத்து நல்ல பொலிகுதிரையைத் தேர்ந்தெடுத்து, பரிசுப் பணம் கொடுத்து, அந்தப் பருவம் முழுவதும் தங்கள் வட்டாரத்தில் சுற்றிவர வேண்டும் என்று ஒப்பந்தம் போடும் பழக்கம் இருந்தது. 1837 முதலே எழுத்துப் பதிவுகள் உண்டு. இங்கே அது 'பொலிகுதிரை அணிவகுப்பு' ஆனது. பருவம் தொடங்கும் முன் ஒரு சந்தை நாளில் ஊரின் நடுத்தெருவில் அத்தனை பொலிகுதிரைகளையும் நடத்திக் காட்டுவார்கள். பிடரியில் ரிப்பன், வாலில் முடிச்சு, கணுக்கால் முடியில் மரத்தூள் தேய்த்து வெள்ளை எடுத்து. தெருவின் இரு பக்கமும் விவசாயிகள்.

அந்தக் கூட்டம் எதைப் பார்த்தது என்பதில்தான் இந்தத் தொழிலின் மூளை இருக்கிறது. எங்கள் ஊரில் மாடு பார்க்க வருபவர் சுழியைப் பார்ப்பார். பிறகு திமில், பிறகு நடை. இவர்கள் பார்வை மண்ணிலிருந்து தொடங்கும். முதலில் குளம்பு: அகலமாக, வட்டமாக, குதிகால் விரிந்து இருக்கிறதா. அடுத்து குளம்புக்கு மேலே சாய்வான கணுப்பகுதி. அடுத்து எலும்பு தட்டையாக இருக்கிறதா. பின்னங்கால் முட்டிகள் நடக்கும்போது ஒன்றையொன்று உரசும் அளவுக்கு நெருங்கி வருகின்றனவா. உடம்பை அதற்குப் பிறகுதான் பார்ப்பார்கள். கிளைட்ஸ்டேல் வளர்ப்பவர்களிடம் ஒரு சொலவடை உண்டு: மேல்பகுதி பின்னால் வந்து சேரும், கீழ்ப்பகுதி ஒருபோதும் வராது. உடம்பைத் தீனி போட்டு ஏற்றிவிடலாம். கால் பிறப்பிலேயே வர வேண்டும்.

ஏன் காலுக்கு இவ்வளவு? குளம்பின் இரு பக்கமும் ரப்பர் போல வளையும் குருத்தெலும்பு இருக்கிறது. கனமான குதிரை ஓரடி வைக்கும்போது அதிர்வை வாங்கிக்கொள்வதில் அதற்குப் பங்கு உண்டு. சில வம்சங்களில் அது கல்லாக இறுகி எலும்பாகிவிடும். கல் ரோட்டில் பாரம் இழுக்கும் குதிரை அப்படியானால் நொண்டத் தொடங்கும். இதைப் பக்க எலும்பு என்பார்கள். கணுவைச் சுற்றி எலும்பு வளர்ந்தால் வளைய எலும்பு. மூச்சு வாங்கும்போது உறுமல் சத்தம் வந்தால் அதுவும் தள்ளுபடி. இவை எல்லாம் குட்டிக்கு இறங்கும் என்று அவர்கள் நம்பினார்கள். பெரும்பாலும் சரியாகவே நம்பினார்கள்.

ஆனால் இவற்றில் பல இளங்குதிரையில் தெரியாது. இங்கேதான் எனக்கு இந்த அட்டைகள் வேறு மாதிரிப் படிக்கத் தொடங்கின. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நவம்பரில் பொலி. பதினோரு மாதம் சுமந்து அடுத்த அக்டோபரில் குட்டி. இரண்டரை, மூன்று வயதில் ஏருக்குப் பழக்குவார்கள். நான்கு, ஐந்து வயதில்தான் முழு வேலை. அப்போதுதான் கால் இறுகுகிறதா, மூச்சு நிற்கிறதா என்று தெரியும். நல்ல வயதுப் பொலிகுதிரை ஒரு பருவத்தில் எண்பது, நூறு பெட்டைகளைப் பார்க்கும். முதல் குட்டியின் குறை தெரியவரும் நேரத்தில் அந்தக் குதிரை ஐந்தாறு பருவம் முடித்து ஐந்நூறு பெட்டைகளைத் தாண்டியிருக்கும். ஒரு வட்டாரத்தின் இழுப்பு பலம் முழுவதையும் ஒரு தவறான குதிரை இருபது வருடத்துக்குக் கெடுத்துவிட்டுப் போக முடியும். கெடுத்தது தெரியும்போது அது செத்தே போயிருக்கலாம்.

வம்சப் பதிவேடு, அணிவகுப்பு, அட்டை, கூலி நிபந்தனை என்று நான் வாசித்த அத்தனையும் இந்த ஐந்து வருட இருட்டுக்குள் கை நீட்டித் தடவிப் பார்க்கும் முயற்சிகள் என்றே எனக்குப் படுகின்றன. குட்டியைப் பார்க்க முடியாது, ஆகவே தாத்தாவைப் பார். அதனால்தான் 1877இல் ஸ்காட்லாந்தில் கிளைட்ஸ்டேல் குதிரைச் சங்கம் தொடங்கியதும் செய்த முதல் வேலை வம்சப் பதிவேடு அச்சிட்டது. பதிவேட்டில் 673ஆம் எண் கொண்ட 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 222ஆம் எண் கொண்ட 'டார்ன்லி' என்ற இரண்டு குதிரைகளின் பெயரை இங்கே, உலகத்தின் மறுபக்கத்தில், அட்டை அட்டையாகப் பார்க்கிறேன். ஒன்றின் மகள்களை மற்றொன்றுக்கு விட்டு உருவாக்கிய வம்சம்தான் பின்னாளைய கிளைட்ஸ்டேலின் முதுகெலும்பு. நடுத்தெருவில் நின்ற விவசாயி அந்தக் குதிரைகளைக் கனவில்கூடப் பார்த்ததில்லை. நான் குச்சியில் உள்ள காளையைப் பார்க்காததுபோல.

இன்று எனக்குக் கிடைக்கும் காளைக்கு ஆயிரக்கணக்கான மகள்களின் பால் கணக்கு இருக்கிறது; மரபணுச் சோதனை இருக்கிறது. அவர்களுக்கு இருந்தது கண், கை, பேச்சு. இதில் பேச்சை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். அணிவகுப்பில் ஒரு குதிரை நடக்கும்போது, "போன வருடம் பள்ளத்துப் பண்ணையில் இதன் குட்டி ஒன்று பார்த்தேன், இடதுகால் சரியில்லை" என்று ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால் அந்தப் பருவம் அந்தக் குதிரைக்கு முடிந்தது.

இப்போது அட்டையின் பின்பக்கம். ஒரு பெட்டைக்கு இரண்டரைப் பவுண்டு, மூன்று கினி என்று போட்டிருக்கும். ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். ஏர் ஓட்டும் கூலியாளுக்கு அன்று சாப்பாடும் படுக்கையும் போக வாரத்துக்கு ஒரு பவுண்டு, சற்றுக் கூட இருக்கலாம். மூன்று வாரச் சம்பளத்தை ஒரு குட்டியின் நம்பிக்கைக்குக் கட்டுகிறார் விவசாயி. இரண்டு, மூன்று பெட்டை விட்டால் பேசிக்கொள்ளலாம் என்று இருக்கும். குதிரைக்காரருக்குத் தனியாக ஐந்து ஷில்லிங், அது முதல் சந்திப்பிலேயே கையில். மீதி ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, அறுவடைப் பணம் வரும் நேரத்தில். சில அட்டைகளில் 'சினை உறுதி' என்று இருக்கும்: பாதி இப்போது, பெட்டை சினை என்று தெரிந்தபின் மீதி. மற்றவற்றில் சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் முழுக் கூலி. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: எல்லாக் கவனமும் எடுக்கப்படும், ஆனால் எந்தப் பொறுப்பும் ஏற்கமாட்டோம்.

ஒரு முதலாளி எண்பது பெட்டைக்கு மூன்று கினி என்று கணக்குப் போட்டால் 252 பவுண்டு. காகிதத்தில் அழகாக இருக்கும். சினை பிடிக்காதவை, பணம் கட்டாதவர்கள், வழியில் நொண்டிய வாரங்கள் என்று கழித்தால் என்ன மிஞ்சும் என்பது அந்தந்தப் பருவத்தின் விதி.

இனி அந்த நடந்த ஆள்.

திங்கட்கிழமை காலை கிளம்புவார். குதிரைக்கு வாய்க்கடிவாளம், முதுகில் பட்டை, கையில் நீளமான கயிறு. சிலர் ஒரு சிறு குதிரைமேல் ஏறிக்கொண்டு பக்கத்தில் நடத்துவார்கள். சிலர் இரு சக்கர வண்டியின் பின்னால் கட்டி ஓட்டுவார்கள். பலர் வெறும் காலால் அளந்தார்கள். மூட்டையில் தேய்ப்பான், ரிப்பன், ஓட்ஸ், ஒரு கணக்கு நோட்டு. மதியம் ஒரு பண்ணை, இரவு ஒரு பண்ணை. குதிரைக்கு லாயமும் ஆளுக்குச் சாப்பாடும் அங்கேயே. சனிக்கிழமை வீடு. ஞாயிறு ஓய்வு. திங்கட்கிழமை மறுபடியும் அதே சுற்று.

ஏன் சரியாக ஒரு வாரச் சுற்று? சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெட்டை பருவத்துக்கு வரும். வந்தால் ஐந்தாறு நாள் நீடிக்கும். ஏழு நாளுக்கு ஒருமுறை வாசலுக்கு வரும் குதிரை அந்த நாட்களில் ஒன்றைப் பெரும்பாலும் பிடித்துவிடும். குட்டி போட்ட பெட்டைக்கு ஒன்பதாம் நாள் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். குட்டி ஈன்ற பின் முதல் பருவம் அப்போதுதான் வரும். குதிரைக்காரரின் நோட்டில் எந்தப் பண்ணையில் எந்தப் பெட்டை என்றைக்குக் குட்டி போட்டது என்பது இருக்கும். என் கைப்பேசியில் உள்ள செயலி செய்யும் வேலையை ஒரு பென்சில் துண்டு செய்தது.

பண்ணைக்குப் போனதும் உடனே எதுவும் நடக்காது. ஒரு கனமான தடுப்புக்கு இந்தப் பக்கம் பெட்டை, அந்தப் பக்கம் பொலிகுதிரை. மூக்கை நீட்டி முகர விடுவார்கள். பெட்டைக்கு விருப்பம் இல்லையென்றால் காதை மடக்கி, கத்தி, தடுப்பை உதைக்கும். பருவத்தில் இருந்தால் அசையாமல் நிற்கும், வாலைத் தூக்கும். இதைச் சரியாகப் படிக்கத் தெரியாத ஆளின் கையில் குதிரை சாகும். பெட்டையின் ஒரு உதை போதும். அதனால் பின்னங்கால்களில் கயிற்றுத் தளை போடுவதும் உண்டு. பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, லாயத்துக்குப் பின்புறம் இதெல்லாம் நடக்கும். மூன்று வாரம் கழித்து அதே பெட்டையை மறுபடி தடுப்பருகே நிறுத்துவார்கள். உதைத்தால் சந்தோஷம்: சினை பிடித்திருக்கிறது. வேறு சோதனை எதுவும் அன்று இல்லை.

உதையால் செத்த குதிரைகளில் உலகத்துக்கே தெரிந்தது ஒன்று. ஸ்காட்லாந்தின் 'பாரன் ஆஃப் பக்லைவி'. 1900இல் பிறந்தது. அதன் சொந்தக்காரர்களாக இருந்த கில்பாட்ரிக், டன்லப் இருவருக்கும் இடையே பங்குத் தகராறு நீதிமன்றம் போய், கடைசியில் 1911 டிசம்பரில் ஏர் நகரில் ஏலம் விட்டார்கள். டன்லப் 9,500 பவுண்டுக்கு எடுத்தார். ஒரு உழவுக்குதிரைக்கு! 1914இல் ஒரு பெட்டை உதைத்துக் கால் முறிந்தது, சுட வேண்டியதாயிற்று. எலும்புக்கூடு இன்று கிளாஸ்கோவின் கெல்விங்ரோவ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நூற்றுக்கணக்கான மைல் சேற்றில் நடந்த இங்கத்திய பொலிகுதிரைகளுக்கு அப்படி ஓர் இடமும் இல்லை. அவற்றோடு நடந்தவர்களுக்கும் இல்லை. முதலாளி பெயர் அட்டையில் தடித்த எழுத்தில் இருக்கிறது. குதிரையின் பெயர் அதைவிடத் தடித்து. நடந்தவர் 'குதிரைக்காரர்' என்ற ஒரே சொல். கூலி ஐந்து ஷில்லிங். குதிரையின் பசி, பெட்டையின் காது, விவசாயியின் சந்தேகம், ரோட்டில் எதிரே வரும் வேறொரு குதிரை, மழை எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் நடந்தவர்களை ஒரே சொல்லில் முடித்திருப்பது எனக்கு வலிக்கிறது. நான் ஒரு நாளில் முடிக்கும் சுற்று அவர்களுக்கு ஒரு வாரம்.

1911ஐ இந்தக் கதையின் உச்சி என்று சொல்லலாம். அந்த ஒரே ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து 1,617 கிளைட்ஸ்டேல் பொலிகுதிரைகள் வெளிநாடுகளுக்குக் கப்பலேறின. நியூசிலாந்தில் குதிரைகளின் எண்ணிக்கை நான்கு லட்சத்தைத் தாண்டியதும் அதே ஆண்டு. மக்கள் தொகையே பத்து லட்சம்தான். மூன்று வருடத்தில் போர். இங்கிருந்து சுமார் 10,000 குதிரைகள் போருக்குப் போயின. திரும்பியவை நான்கு. போருக்குப் பின் டிராக்டர் மெதுவாக நுழைந்து, இரண்டாம் உலகப்போருக்குப் பின் வேகமெடுத்தது. இங்கிலாந்தில் 1946இல் இருநூறுக்கு மேல் இருந்த கிளைட்ஸ்டேல் பொலிகுதிரைகள் 1949இல் 80. மூன்றே வருடம். 1975இல் அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

சவுத்லாந்தின் ஓட்ஸ் நிலங்கள் ஆட்டுக்கும் பிறகு மாட்டுக்கும் போயின. ஈடன்டேலில் 1882இலேயே பாலாடைக்கட்டித் தொழிற்சாலை தொடங்கிவிட்டது. அதே வருடம்தான் டனீடின் துறைமுகத்திலிருந்து முதல் உறை இறைச்சிக் கப்பலும் லண்டனுக்குக் கிளம்பியது. குதிரைக்குத் தீனி விளைந்த மண்ணில் அன்றே இன்னொரு காலம் முளைத்திருந்தது.

பெரியவரிடம் இன்னும் ஒரு கிளைட்ஸ்டேல் பெட்டை இருக்கிறது. வேலைக்கு அல்ல. வைத்திருக்கிறார், அவ்வளவுதான். போன நவம்பர் 12ஆம் தேதி, தூரத்து வட்டாரத்திலிருந்து ஒரு பொலிகுதிரையை லாரியில் கொண்டு வந்தார்கள். நான் கறவைக்கூடத்தில் வேலை முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பெரியவர் கையசைத்துக் கூப்பிட்டார். போனேன்.

லாரியின் பலகை இறங்கியது. முதலில் குளம்புகள்தான் தெரிந்தன. சாப்பாட்டுத் தட்டு அகலம். படங்களில் பார்த்ததெல்லாம் ஒன்றுமில்லை. அது பலகையில் கால் வைக்கும்போது அந்த அதிர்வு என் காலுக்கு வந்தது. கூட்டி வந்தவர் ஓர் இளம்பெண். கயிற்றைத் தளர்வாகத்தான் பிடித்திருந்தாள். குதிரையின் கண்ணைப் பார்க்கவே இல்லை, காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, குதிரையின் கணுக்கால் முடியை விலக்கி, குளம்பின் பக்கவாட்டை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பார்த்தார். ஒரு காலுக்குப் பிறகு அடுத்த கால். நான்கும். வளைகிறது என்பதுபோலத் தலையசைத்தார்.

பெட்டையைத் தடுப்பருகே கொண்டு வந்தோம். பொலிகுதிரை கழுத்தை நீட்டி மூச்சு விட்டது. பெட்டை ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு காதை மடக்கி, ஒரு கத்தல் கத்தி, தடுப்பின் அடிப்பலகையை உதைத்தது. பலகையிலிருந்து ஒரு சில்லு பறந்தது. அந்தப் பெண் ஏற்கெனவே குதிரையை இரண்டடி பின்னுக்கு இழுத்திருந்தாள்.

யாரும் எதுவும் பேசவில்லை. அவள் குதிரையை லாரிக்குத் திருப்பினாள். பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, பென்சில் நுனியை நாக்கில் தொட்டு, நவம்பர் 12 என்று எழுதினார். பக்கத்தில் ஒரு குறுக்குக் கோடு. அடுத்த வரியில் டிசம்பர் 3.